போன் கீறிய என் பாதை

ரஜிதன் அண்ணா,

இன்று விடிய ஓட வந்திருக்கும் உங்கள் கொழும்பு ஓட்டக்காரருக்கும் சேர்த்துப் புட்டு அவித்து மூடி வைத்திருக்கிறேன். சம்பல் குசினி அலுமாரியில் இருக்கிறது. அம்மாவை எழுப்ப வேண்டாம்.

போன மாதம் உங்கள் போனைத் தந்து, "பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடடி" என்றீர்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு எனக்காக ஒருவர் யோசித்துச் செய்தது அது ஒன்றுதான் என்று நம்பினேன். விடியற்காலையில் நான் குளக்கட்டில் ஓடுவது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் போன் நான் ஓடிய பாதையை வரைபடமாகக் கீறிக்கொண்டிருந்தது நேற்றுத்தான் விளங்கியது. கொழும்பு ஆட்களுக்கு அந்தப் படத்தைக் காட்டி, "தாமரை, மயில் எல்லாம் பாக்கலாம். நான்தான் இந்தப் பாதையைக் கண்டுபிடிச்சனான்" என்றீர்கள். தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்ற என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

நீங்கள் அதில் ஒருநாளும் ஓடியதில்லை. குளத்துத் தண்ணீர் திறந்துவிடும் துருசைத் தாண்டியதும் அது பெண்கள் குளிக்கும் துறைக்குள்ளால் போகிறது. நான் போகலாம். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஜெயரூபி அக்கா ஆட்கள் விடியவே குளிக்க இறங்கிவிடுவார்கள். அங்கே இத்தனை ஆண்கள் கமராவோடு போய் நின்றால் எப்படி இருக்கும்? இதைச் சொல்லத்தான் இரவு வந்தேன். "பிறகு கதைப்பம், போய்ப் படு" என்றீர்கள்.

அதனால் நான் துருசடிக்குப் போகிறேன். வருகிறவர்களை மறித்து, வயல் வரம்பால் திருப்பி விடுவேன்.

தேனுகா

சைக்கிளை நான் எடுத்துவிட்டேன். உங்கள் போன் கதிரையில் இருக்கிறது, இனி எனக்கு வேண்டாம்.

அங்கே என்னைக் கண்டால், தங்கச்சி என்று அவர்களிடம் சொல்லாதீர்கள்.