அப்பாவைப் படுக்கையில் போட்ட மனு

மேலகரம்,
10.6.2025

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அதிலும் உன் அப்பா ரொம்ப நல்ல சுகம், இதை நான் எழுதும் நேரத்தில் ஐந்தருவிக் கடையில் மங்குஸ்தான் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரிடமாவது வாயடித்துக்கொண்டிருப்பார். நீயும் அங்கே சுகமாக இருக்கவும் உன் கோபம் கொஞ்சமாவது தணியவும் காலையிலும் மாலையிலும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நீலக் கோடு இரண்டும் விழுகிறது, பதில் வரவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவளுக்குப் பெற்ற மகளுக்கு ஒரு கடிதம் எழுத மூன்று நாள் ஆகியிருக்கிறது, நாலு பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

இந்த வருஷம் சாரல் முந்திக்கொண்டது. குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் கூடிப்போய் இரண்டு நாள் குளிக்கத் தடை போட்டார்கள், குளிக்க வந்த கூட்டம் சும்மா திரும்ப மனமில்லாமல் பழம் வாங்கித் தின்றதில் அப்பாவுக்கு நல்ல வியாபாரம், தடையை இன்னும் நாலு நாள் நீட்டிக்கச் சொல்லி ஒரு மனு எழுதேன் என்று என்னைக் கேலி செய்கிறார். துணிதான் காயமாட்டேன் என்கிறது. உன் அறையில் கொடி கட்டித்தான் காயப்போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே, நீ வருவதாக இருந்தால் ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துவிடுவேன். கோவிலில் அசன விருந்துக்கு இந்த முறை சாம்பாரில் உப்பு கூடிவிட்டது, பாதிரியார் வீட்டு ஐயரம்மாவே முகம் சுளித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் கடைசியில் நீ கூப்பிட்டு, "எம்மா, இங்க கவர்மெண்டு யூனிவர்சிட்டிக்குக் குடுக்க பணத்த வெட்டிட்டான், எங்க ஓட்டப்பந்தய டீமையே இந்த வருசத்தோட மூடுதாங்க" என்று அழுதாய். நீச்சல் போச்சு, பெண்பிள்ளைகள் ஓட்டம் போச்சு, கூட்டம் கூடுகிற பந்தாட்டத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை என்றாய். இன்னும் ஒரு வருஷப் படிப்புக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் கோச் கிடையாது, பந்தயம் கிடையாது, உன் கோச் அம்மாவுக்கே வேலை போகிறது என்றாய். தடை ஓட்டத்தில் தண்ணீர்க் குழி தாண்டும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தபோதுகூட அழாத பிள்ளை நீ. அன்றைக்கு நீ அழுத அழுகை எனக்குப் பொறுக்கவில்லை. கடல் தாண்டித் தூரமாக இருக்கிற பிள்ளைக்கு ஒரு தாய் என்னதான் செய்ய முடியும், சோறு போட முடியுமா, முதுகைத் தடவ முடியுமா, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். மனு எழுதினேன்.

என் தொழில் உனக்குத் தெரியும். தாலுகா ஆபீஸ் வாசலிலும் இப்போது கலெக்டர் ஆபீஸ் வாசலிலுமாகப் பதினாறு வருஷம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நான் இந்த வேலையில் படித்துக்கொண்டேன். எவர் எதற்காக வந்தாலும் மூன்றாவது வரியில் அவர் வீட்டில் ஒருவரைப் படுக்கையில் போட்டுவிடுவேன். பட்டா கேட்டால் தாயாரை, ரேஷன் கார்டு கேட்டால் புருஷனை, தெருவிளக்கு கேட்டு வந்தவருக்குக்கூட மாமியாரைப் படுக்கப் போட்டிருக்கிறேன். அவர்களும் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுவார்கள், வாங்குகிற அதிகாரியும் மூன்றாவது வரியை நம்பாமல் தாண்டித்தான் படிப்பார், அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் கைப்பழக்கத்தில் உன் மனுவிலும் மூன்றாவது வரியில், என் கணவர் ஏசுவடியான் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறார், மகள் ஓடுகிறாள் என்ற ஒரு செய்திதான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எழுதிவிட்டேன். பக்கத்து மேஜையில் லேப்டாப் வைத்து ஆன்லைன் விண்ணப்பம் போடுகிற மாஜிதா அதை இங்கிலீஷில் மாற்றி உன் பல்கலைக்கழகத் தலைவருக்கும் அந்த மாநில கவர்னருக்கும் அனுப்பினாள். நகல் போடாத மனு மனுவே இல்லை என்று நான்தான் சொன்னேன், அவளும் தேடிப் பிடித்து அந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு நகல் போட்டாள். அங்கே மூன்றாவது வரியை அப்படியே நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை மக்களே, சத்தியமாகத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். பத்திரிகையில் வந்ததும், உன்னோடு ஓடுகிற பிள்ளைகள் அப்பாவுக்காக மெழுகுவத்தி ஏற்றியதும், வேலை போன கவலையிலும் உன் கோச் அம்மா தினம் காலையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டதும். அந்த அம்மாவுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் என்று சொல்லியிருக்கிறாய். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு மேல், பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்துக் கோச் உன்னைக் கூப்பிட்டு, எங்கள் டீமில் உனக்கு இடம் தருகிறோம், உன் குடும்பக் கஷ்டத்தையும் கேள்விப்பட்டோம் என்று சொன்னதும். அன்றைக்குத்தான் நீ கடைசியாகப் பேசினாய். "எம்மா, எங்கப்பாவப் படுக்கப் போட்டுத்தான் எனக்கு இடம் வாங்கணுமா? எங் காலுக்காகக் கூப்பிடுதாங்களா, ஒங்க கண்ணீருக்காகக் கூப்பிடுதாங்களான்னு இனி எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாய். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம், ஒரு பொய் சொல்லி ஓடக்கூடாதா என்று கேட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். அந்த இடமே வேண்டாம் என்று எழுதிப் போட்டுவிட்டு ஊருக்கு வரப்போவதாக உன் சிநேகிதி மூலம் கேள்விப்பட்டேன்.

அப்பாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். "நான் எப்பட்டி படுத்தேன், எனக்கே தெரியலையே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேதத்தில் ஆண்டவர் சுகமாக்கின, கைகால் விளங்காத திமிர்வாதக்காரன் மாதிரி என் கணவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார் என்று இன்னொரு மனு எழுதிப் போடு என்றார். அவர் சிரித்ததால் நானும் அது பெரிய தப்பு இல்லை போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதை உடைத்தது போன வாரத்துத் திங்கட்கிழமை. கடையத்திலிருந்து இசக்கிமணி என்று ஒருவர், காட்டுப்பன்றி வாழையைச் சாய்த்துவிட்டது, நஷ்டஈடு கேட்கணும் என்று வந்தார். எழுதினேன், மூன்றாவது வரியில் வழக்கம்போல அவர் மனைவியைப் படுக்கையில் போட்டேன், படித்துக் காட்டச் சொன்னார், படித்தேன். அவர் பின்னாலேயே ஒயர்கூடையோடு அந்த அம்மா நிற்பதை நான் பார்க்கவில்லை. "யக்கா, பன்னி வாழையத்தான் சாச்சிச்சு, என்னைய ஒண்ணுஞ் செய்யல, நீங்க ஏன் என்னையச் சாய்க்கிய?" என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நாளும் பொழுதும் வயக்காட்டில் கிடந்து உழைக்கிறேன், அதை எழுத ஒரு வரி இல்லையா, கிடக்கிறாள் என்று எழுதத்தான் வரி இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உன்னை நினைத்தேன். காலை நாலரைக்கு எழுந்து பனியிலும் ஓடுகிறவள் நீ, உன் மனுவில் உன் ஓட்டத்தைப் பற்றி நான் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தேன், அதுவும் அப்பாவின் நோய்க்கு மருந்து என்று. எத்தனை நிமிஷத்தில் ஓடுகிறாய் என்றுகூட எழுதவில்லை. எனக்கே அது தெரியாது என்பதுதான் உண்மை, மாஜிதாவை நெட்டில் தேடச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெற்ற மகளை நானே குறைத்துவிட்டேன், என்னை மன்னித்துக்கொள் பியூலா. இசக்கிமணிக்கு வேறு தாளில் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை, பொய் எழுதினாலும் இவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும்.

இப்போது கேள். அந்தப் புதுக் கோச்சுக்கும் உன் பழைய கோச்சுக்கும் நான் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உடனே அனுப்பிவிட மாஜிதா பொத்தானில் விரலை வைத்துவிட்டாள், நான்தான் கையைப் பிடித்தேன். போன தடவையும் உன்னைக் கேட்காமல்தானே அனுப்பினோம். அதனால் இதோடு வைத்திருக்கிறேன், பின்பக்கம் மாஜிதாவின் இங்கிலீஷ் இருக்கிறது, தப்பு இருந்தால் திருத்திக்கொள், உனக்குச் சம்மதம் என்றால் நீயே அனுப்பு. அதில் இவ்வளவுதான் இருக்கிறது: நான் முன்பு எழுதியது பொய், எழுதியபோது அது என் மகளுக்குத் தெரியாது. என் கணவர் நல்ல சுகத்தோடு பழக்கடை வைத்திருக்கிறார். என் மகள் மூவாயிரம் மீட்டர் தடை ஓட்டத்தைப் பத்து நிமிடம் பதினோரு வினாடியில் ஓடுகிறாள், அதற்காக அவளை வைத்துக்கொள்ள முடியுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பதினாறு வருஷத்தில் நான் எழுதியதிலேயே சின்ன மனு இதுதான், எழுதி முடிக்க ஒரு பகல் ஆனது.

இதை அனுப்பினால் அந்த இடம் போகலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. போனால் போகட்டும், ஆனால் நீயாக வேண்டாம் என்று எழுதிவிடாதே, அவர்கள் உண்மையைத் தெரிந்துகொண்டு சொல்லட்டும். அதற்குப் பிறகும் வா என்றால் அது உன் காலுக்காகத்தான், உன் கேள்விக்கு அதுதான் பதில். அவர்கள் வேண்டாம் என்றால் அங்கேயே இருந்து படிப்பை முடி என்றுதான் என் வாய் சொல்லும், நீ வீட்டுக்கே வந்து நின்றாலும் கதவைச் சாத்தமாட்டேன், ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்காமல் பார்த்துக்கொள்கிறேன். முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டுமாமே, தபால் எப்போது கைக்குக் கிடைக்கும் என்று தெரியாததால் இந்தக் கடிதத்தையும் போட்டோ எடுத்து உனக்கு மட்டும் வாட்ஸப்பில் அனுப்புகிறேன், வேறு யாருக்கும் நகல் இல்லை.

இன்னொன்று, எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அப்பா சிரித்தார் என்று சொன்னேன் அல்லவா, இரண்டு நாள் கழித்து காலையில் கடைக்குப் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஏட்டி, நெசமாவே நான் படுத்துட்டா பிள்ள வருவாளா?" என்று கேட்டார். அடுத்த விமானத்தில் வருவாள் என்றேன். அழுகின பழத்தை எடுத்து வெளியே போட்டுக்கொண்டே, "அதுக்காக வரப்பிடாது. நான் நல்லா இருக்கையில ஒரு நா வரச்சொல்லு, பந்தயத்துல ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி" என்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

கணுக்காலுக்குப் பட்டி போட்டுக்கொள், ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே, கோச் அம்மாவின் பிள்ளைகளுக்கு நான் சொன்னதாக ஏதாவது இனிப்பு வாங்கிக் கொடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கால்களுக்குப் பெலன் தருவாராக. என்னோடு பேச மனம் வராவிட்டால் பேச வேண்டாம். இங்கே தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அப்பா கடையிலிருந்து வந்துவிடுவார், அவர் நம்பரில் கூப்பிடு, அவர் குரலைக் கேள். நான் பக்கத்தில்தான் இருப்பேன், குறுக்கே பேசமாட்டேன்.

உன் அம்மா,
செல்வக்கனி ஏசுவடியான்