நான் திருத்திய பதினொரு வரிகள்

கருங்கல்,
ஜூன் 12, வியாழன்.

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் நம் பிள்ளை ஜினிஷாவும் உங்கள் அம்மையும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்துக்காக மூன்று பேரும் ஜெபிக்கிறோம்.

உங்கள் அறையில் இருக்கும் ஜெயசிங் அண்ணன் லீவு முடிந்து சனிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். பையில் இரண்டு கிலோவுக்குத்தான் இடம் இருக்கிறதாம். ஏத்தங்காய் சிப்ஸ், கொஞ்சம் முந்திரிக்கொத்து, அம்மை தேங்காய் வறுத்து இடித்த சம்மந்திப்பொடி, அதோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். ஏழு வாரமாக நீங்கள் அம்மையின் போனுக்குத்தான் கூப்பிடுகிறீர்கள். அது என் கைக்கு வரும்போது, "சாப்பிட்டியா? செரி, வைக்கட்டா?" என்பது மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

இங்கே நல்ல மழை. திற்பரப்பு அருவியில் குளிக்க விடவில்லை என்று ஜினிஷாவின் வகுப்புப் பிள்ளைகள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். அவளுக்குப் பிளஸ் டூ பாடம் தொடங்கிவிட்டது. அம்மைக்குக் காலில் கோத்திருந்த நீர் வற்றியிருக்கிறது. நெஞ்சுக்கான மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்கிறேன்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நம் கல்யாண நாளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் குறிப்பை ஒவ்வொரு வருஷமும் நான்தான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். சபைச் செயலர் ஜெபமணி சார் அதை ஞாயிறு ஆராதனையில் வாசிப்பார். இந்த வருஷம் ஏப்ரல் இருபத்துநாலாம் தேதி நீங்களே ஆங்கிலத்தில் எழுதி, சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள். பதினொரு வரிகள். நான் அன்று முழுவதும் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திவிட்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். போனைத் திறந்தபோதும் என் கண் விடைத்தாளை விட்டு வந்திருக்கவில்லை. எழுத்துப் பிழை நான்கு, இலக்கணப் பிழை ஐந்து. சபையார் சிரிக்கும் முன் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். முழுவதையும் திருத்தி எழுதி, உங்கள் குறிப்புக்குக் கீழேயே போட்டேன்.

துபாயிலிருந்து லிபின் உடனே கேட்டான்: "எபிசன் அண்ணே பாஸா, பெயிலா டீச்சரே?"

நான் "ஜஸ்ட் பாஸ்" என்று எழுதினேன்.

இருபத்து மூன்று பேர் சிரிக்கும் படம் போட்டார்கள். நீங்கள் "தேங்க்ஸ்" என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறினீர்கள். ரோஷக்காரர், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நானும் இருந்துவிட்டேன்.

போன வாரம் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது ஜெயசிங் அண்ணன் வந்தார். "ஏம்பிளே, எபிசனுக்க கைக்கு இப்ப கொள்ளாமா, வேதன கொறஞ்சா? நான் லீவுக்கு வரச்சில கம்பி எடுக்கல்ல," என்றார். எந்தக் கை, என்ன கம்பி என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "ஒனக்கு அறியாதா? அவன் சர்ச் குரூப்புல எழுதுனானே. நீ தானே அத திருத்திப் போட்ட?"

மீன்காரம்மா நீட்டிய பையை அங்கேயே வைக்கச் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டேன்.

அங்கே நின்றே அவர் எல்லாவற்றையும் சொன்னார். மார்ச் கடைசியில் கட்டட வேலையில் நீங்கள் ஏறி நின்ற சாரம் சரிந்தது, உங்களோடு நின்ற நேபாளக்காரர் விழுந்து இறந்தது, நீங்கள் ஒரு குழாயைப் பிடித்துத் தொங்கியது, வலது கையில் மூன்று விரல் நொறுங்கியது, எல்லாம். போனில் சொன்னால் பக்கத்தில் அம்மை இருப்பார்கள், நெஞ்சு தாங்காது என்று மறைத்தீர்களாம். குறிப்பை ஆங்கிலத்தில் எழுதினால் அம்மைக்குப் புரியாது, எனக்குப் புரியும் என்று மூன்று நாள் உட்கார்ந்து, இடது கைப் பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினீர்களாம். "எனக்க பெண்டாட்டி இங்கிலீஷ் டீச்சராக்கும், அவ வாசிச்சிட்டு கூப்பிடுவா" என்று அறையில் எல்லாரிடமும் சொன்னீர்களாம். அன்று முழுவதும் போனைக் கையிலேயே வைத்திருந்தீர்களாம்.

வீட்டுக்கு வந்து மறுபடியும் வாசித்தேன். ஐந்தாவது வரியிலிருந்து எட்டாவது வரி வரை எல்லாம் இருக்கிறது. வேலையிடத்தில் பெரிய ஆபத்து, கூட நின்ற சகோதரன் போய்விட்டான், கை முறிந்தது, கர்த்தர் என் குடும்பத்துக்காக என்னை உயிரோடு வைத்தார். ஒரு குழந்தைக்கும் புரியும். குழுவில் சிரித்தவர்களும் என் திருத்தத்தைப் பார்த்ததோடு நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. அந்த நான்கு வரிகளிலும் நான் கை வைத்திருக்கிறேன், அத்தான். வினைச்சொல்லைச் சரிசெய்திருக்கிறேன், ஒரு காற்புள்ளியும் போட்டிருக்கிறேன். வாசிக்கத்தான் இல்லை.

காரணம் தேடிப் பார்த்தேன். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நாகர்கோவிலில் கல்லூரிக்குப் போன முதல் மாதம், நான் ஆங்கிலத்தில் எழுதிய லீவ் லெட்டரை விடுதியில் பிள்ளைகள் சுவரில் ஒட்டி வைத்தார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் நின்று வாசித்துச் சிரித்தார்கள். இனி ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது என்று படித்த படிப்புதான் இது. கடைப் பலகையில், கல்யாண பிளக்ஸில், பஸ்ஸின் முதுகில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் எனக்கு எரிச்சல் வரும். அதை அறிவு என்று நினைத்திருந்தேன். கடைசியில் உங்கள் லெட்டரை நான் சுவரில் ஒட்டிவிட்டேன். காரணம் கிடைத்துவிட்டதால் பாரம் ஒன்றும் குறையவில்லை.

ஜினிஷாவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "ஒங்களுக்கு மெசேஜ் அனுப்பவே பயம்மா. அப்பாக்கும் இப்பம் அப்படித்தான் இருக்கும்," என்றாள். அவள் இரண்டு வருஷமாக எனக்கு இதயமும் பூவும் மட்டுமே அனுப்புகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மையிடமும் சொல்லிவிட்டேன். மறைத்தது போதும் என்று தோன்றியது. மாத்திரை கொடுத்து, பக்கத்தில் இருந்து சொன்னேன். எந்தக் கை என்று கேட்டார்கள். பிறகு, "அதாக்கும் எனக்க மவன் வீடியோவில மொகத்த மட்டும் காட்டுதான்," என்றார்கள். அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

போன ஞாயிறு ஜெபமணி சாரிடம் அனுமதி கேட்டு, சபையில் எழுந்து நின்று உங்கள் குறிப்பை வாசித்தேன். நான் திருத்தியதை அல்ல, நீங்கள் எழுதியதை. முதலில் ஆங்கிலத்தில் அப்படியே வாசித்து, பிறகு தமிழில் சொன்னேன். மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். ஆறாவது வரியில் என் நாக்கு தானாகவே ஒரு வார்த்தையைத் திருத்திவிட்டது. நிறுத்தி, முதலிலிருந்து, நீங்கள் எழுதியபடியே வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த நேபாளச் சகோதரனின் குடும்பத்துக்காகவும் ஜெபம் ஏறெடுக்கச் சொன்னேன். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. எழுதுங்கள்.

இந்தக் கண் இனிமேல் பிழையே பார்க்காது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பொய்யாகிவிடும். பார்த்தாலும் முதலில் விஷயத்தைக் கேட்பேன், உங்களைக் கேட்பேன். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

ஆகஸ்டில் உங்களுக்கு லீவு இருந்தும், ஊருக்கு வராமல் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போவதாக அண்ணன் சொன்னார். அந்தக் கையால் எப்படிக் கையெழுத்துப் போடுவீர்கள் என்று நினைத்தேன். போட வேண்டாம், அத்தான். வாருங்கள். கோபம் தீர்ந்த பிறகு வருகிறேன் என்று நினைக்க வேண்டாம், கோபத்தோடேயே வாருங்கள்.

கர்த்தர் உங்கள் வலது கையைப் பிடித்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை என் போனுக்கு வீடியோவில் கூப்பிடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம். அந்தக் கையை மட்டும் காட்டுங்கள். நான் பார்க்க வேண்டும்.

உங்கள்,
ஷைஜா