கரடிக்குட்டியிடம் பேசக்கூடாது

மார்ச் 4
பஸ் நின்ற இடத்தில் ஜீப், ஜீப் நின்ற இடத்திலிருந்து நடை. வனவிலங்குக் காப்பகத்து வாசலில் வனக்காவலர் என் பையைக் குடைந்து சோப்பைப் பிடுங்கிக்கொண்டார். வாசனை ஆகாதாம். மகள் இங்கே கால்நடை மருத்துவராகி மூன்று வருஷம். கையோடு கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறேன். நகரத்தில் நாய், பூனை பார்க்கும் ஆஸ்பத்திரியில் வேலைகூடப் பேசி வைத்தாயிற்று. சொன்னேன். "குளிச்சிட்டு சாப்பிடும்மா" என்றாள். பதில் அவ்வளவுதான்.

மார்ச் 5
தாயில்லாத கரடிக்குட்டி ஒன்றை வளர்க்கிறார்கள். மழைக்கு முன் காட்டில் விடவேண்டும். அதுவரை மனுஷக் குரல் அதன் காதில் விழவே கூடாது. பக்கத்துப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்து தீனி வைக்கிறாள். உடம்பு முழுக்கச் சாக்கு அங்கி, அதில் கரடி வாடை. அடைப்புக்குள் மூச்சுக்கூட விடமாட்டாள் போல. குரலுக்குப் பழகிய கரடி ஆளைத் தேடி வருமாம். "முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரும். அப்புறம் அது சாகணும், இல்ல எங்க பிள்ளைங்க சாகணும்" என்றாள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பேசியே சம்பாதித்தவள். என்னைப் போய் வாயை மூடு என்றால்?

மார்ச் 7
மகள் காலையில் போனால் இருட்டித்தான் வருகிறாள். வந்தாலும் ம், சரி, பார்க்கலாம். சுவரோடு பேசலாம்.

மார்ச் 8
அதே.

மார்ச் 9
அடைப்புப் பக்கம் போனேன். வேலிக்கு வெளியேதான் நின்றேன். குட்டி மரக்கட்டையில் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. "என்னடா தங்கம், சாப்பிட்டியா?" வாய் சும்மா இருந்தால்தானே! எழுந்து, ஆடி ஆடி, வேலியோரம் வந்து உட்கார்ந்தது. மகளைப் பற்றிய குறையெல்லாம் அதனிடம் கொட்டித் தீர்த்தேன். நல்ல பிள்ளையாகக் கேட்டது.

மார்ச் 14
தினமும் போகிறேன். யாருக்கும் தெரியாது. இதனால் என்ன குடியா முழுகிவிடும்?

மார்ச் 20
முழுகிவிட்டது.

இன்று சோதனை. அங்கி இல்லாமல் வனக்காவலர் உள்ளே போய்ச் சத்தமாகப் பேசினார். குட்டி மிரண்டு ஓடவேண்டும். ஓடியது, அவரிடம். காலைக் கட்டிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை.

"நான்தான் பேசினேன்" என்றேன். மகள் கத்துவாள் என்று பார்த்தேன். "இனி ஆயுசுக்கும் கூண்டுதாம்மா" என்றாள். கத்தியிருக்கலாம். ஐயோ, என் வாயில மண்ணை வைக்க. கொஞ்ச நாள் அடக்கி வச்சிருக்க முடியலையா எனக்கு? ஒரு உசிரு வாழ்க்கையே போச்சே.

மார்ச் 21
ஒரே ஒரு வழி இருக்கிறது என்கிறாள் மகள். கொஞ்சின குரலே விரட்டணும். "நீதாம்மா பண்ணணும். பாதியில இரக்கப்பட்டா எல்லாம் வீண்."

மார்ச் 22
தட்டைத் தட்டிக் கத்தினேன். அது விளையாட்டு என்று குதித்தது. எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. தீனி வைக்கும் பெண் சிரிக்கவில்லை. "என் வீட்டு வாசல்ல அது நிக்கறதா நினைச்சுக்கங்க" என்றாள்.

மார்ச் 23
செய்துவிட்டேன்.

"போ! ஏன் வர்றே? உனக்கு இங்க யாரும் இல்ல, போய்த் தொலை!" தொண்டை கிழியக் கத்தினேன். அப்படியும் வந்தது. மண்ணாங்கட்டியை எடுத்து வீசினேன். மூக்கில் பட்டது. அது போட்ட சத்தத்தை எழுதவேண்டாம். மரத்தில் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டது. மறுபடி வீசினேன். மறுபடியும். கடைசியில் மகள் வந்து என் கையைப் பிடித்து விரல்களைப் பிரித்துவிட்டாள். "போதும்மா." என் கையை விடவேயில்லை, அறை வரைக்கும்.

ஏப்ரல் 2
என் குரல் கேட்டாலே மரமேறுகிறது. வனக்காவலர் பேசினாலும் அப்படித்தான். "நல்லதாச்சு" என்றாள் அந்தப் பெண். நல்லதுதான்.

ஏப்ரல் 6
ஆற்றுக்கு அக்கரையில் விட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போனதாம். மகள் சொன்னாள். நான் போகவில்லை.

ஏப்ரல் 8
கிளம்பிவிட்டேன். ஜீப் வரைக்கும் மகள் வந்தாள். "ஊருக்குப் போனதும் அந்த ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடறேன்" என்றேன். நின்றுவிட்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். குட்டியைக் கண்டெடுத்தது, வேலைக்கு வந்த புதிதில் முதல் மழையில் தான் தனியாகப் பயந்தது, போன வருஷம் காய்ச்சலில் கிடந்தது, எனக்குச் சொல்லாமல் விட்டது. டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். அவள் நிறுத்தவில்லை. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.