உங்கண்ணன் நம்மளப் பத்திச் சொன்னது

ஏங்க,

ராத்திரி சவாரி முடிச்சு வந்து அசந்து தூங்குறீங்க, எழுப்பல. நான் ஹோட்டலுக்குக் கெளம்புறேன். சோறும் பீன்ஸ் பொரியலும் மூடி வச்சிருக்கேன். ரசத்த மட்டும் சுட வச்சுக்கோங்க, இந்தக் குளிர்ல ஆறிக் கெடக்கும்.

நாம வாடகைக்குக் கேட்ட பெருமாள்மலை வீடு நமக்கு இல்ல. இப்ப இருக்குற வீட்டு ஓனர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் தருவேன்னு சூசையம்மாள் டீச்சர் சொன்னாங்கள்ல. ஓனர்னா உங்கண்ணன்தான, அவருக்கே போன் போட்டுட்டாங்க. நாம விடிய விடிய டிவிய அலற விடுவோமாம். தண்ணிக் குழாய மூடவே மாட்டோமாம். நம்ம நாய் வர்றவங்க போறவங்களயெல்லாம் கடிக்குமாம். எல்லாம் உங்கண்ணன் சொன்னதுதான்.

நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுப்புடணும்னு கீழ அவரு வீட்டுக்கு எறங்கிப் போனேன். மனுசன் ஏணி மேல நின்னு நம்ம கூரைத் தகரத்துக்குத் தார் பூசிக்கிட்டிருக்காரு. அந்த ஒழுகலுக்குத்தான சண்டை போட்டு ரெண்டு பேரும் பேச்ச நிறுத்துனீங்க? ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்.

வெளிய போறப்ப சாவிய அவருகிட்டயே குடுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்.

ஆக்ஸிலியா

சாவிய சும்மா நீட்டிட்டு வந்துராதீங்க. "நம்ம வீட்டுல நாய் ஏதுண்ணே?"ன்னு கேளுங்க. அது போதும்.