மெல்லிய திரைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தைலத்துக்கு அடங்கியதா? அப்பாவின் இருமல் எப்படி?

இங்கே ஒரு செய்தி, பயப்படாதே. எங்கள் தையல் கடைக்கு நாலு தெரு தள்ளி, ஒருவன் மனைவியையும் மகள்களையும் பல வருஷமாக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தானாம். போலீஸ் கேட்டதற்கு, "பத்திரமாத்தானே வச்சிருந்தேன்" என்றானாம். ஜன்னல்களில் கனத்த திரை தொங்கியதால் வெளியே யாருக்கும் தெரியவில்லையாம்.

அன்றிலிருந்து கனத்த ஜன்னல் திரையை யாரும் கேட்பதில்லை. "அந்த வீட்டுத் திரையும் நாம தச்சதா இருக்குமோ?" என்று முதலாளியம்மா கத்தரிக்கோலைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் மெல்லிய துணிதான் தைக்கிறேன். புகையைத் தைப்பதுபோல் இருக்கிறது, கைக்குள் நிற்க மாட்டேன் என்கிறது. மாலையில் திரும்பும்போது தெருவே வெளிச்சத்தில் மிதக்கிறது. ஒரு ஜன்னலில் ஒருவர் சட்டை தேய்க்கிறார், இன்னொன்றில் ஒருத்தி தலை வாருகிறாள். முகம் தெரியாதவர்கள்கூட எனக்குக் கையசைக்கிறார்கள். என் அறைக்கும் மெல்லியதே மாட்டிவிட்டேன். பார்க்க என்ன இருக்கிறது, ஒரு கட்டிலும் நானும்தான்.

உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. துவைக்காமலே அனுப்பு.

கடை திறக்க நேரமாகிவிட்டது. ஒன்றே ஒன்று அம்மா. அப்பா வெளியே கிளம்பினால் இன்னமும் உன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டுதான் போகிறாரா? கேட்டால், "பத்திரத்துக்குத்தான்டி" என்று சிரிப்பாய். உள்ளேயிருந்தும் திறக்கிற பூட்டுதானே அது, இரண்டு சாவியும் உண்டே. ஒன்றை நீ வாங்கி வைத்துக்கொள். எதற்கென்று அப்பா கேட்டால், மகள் கேட்டாள் என்று சொல்.

உன் மகள்