மாமா பேரைத் தெளிவாப் போடு

ராஜபாளையம்
12.8.96

அன்பு மகன் முத்துவீரனுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் உன் தங்கச்சி செல்லக்கனியும் நல்லாயிருக்கோம், நீ மெட்ராஸ்ல நேரத்துக்குச் சாப்பிட்டு ஒடம்பப் பாத்துக்கிட்டா அதுவே போதும். நீ கம்ப்யூட்டர்ல அடிச்சு அனுப்புன தங்கச்சி கல்யாணப் பத்திரிகை வந்து பத்து நாளாச்சு. ரோஸ் அட்டையில தங்கக் கலரு, எழுத்தெல்லாம் கொடி சுத்துனாப்ல, அம்புட்டு அழகு. தெருவே மெச்சுச்சு, எனக்குத் தலைகால் புரியல. ஆனா ஏலே, அந்த எழுத்தாலதான் வந்துச்சு வினை.

மம்சாபுரத்துல உன் சோலைச்சாமி மாமாவுக்குத்தான் மொதப் பத்திரிகை, வெத்தலை பாக்கோட அப்பாவே கொண்டுபோயி வச்சாவ. பொறவு எட்டு நாளா அண்ணன்கிட்ட இருந்து பேச்சுமூச்சு இல்ல. தோட்ட வேலையா இருக்கும்னு இருந்தேன். நேத்து ஆள் விட்டுச் சொல்லுதாரு, தாய்மாமன் பேரு போடாத கல்யாணத்துக்கு நான் வரலன்னு. எனக்குக் கூடப்பொறந்தது அவர் ஒருத்தர்தான், அவர் வந்து நிக்காம எம்புள்ள கழுத்துல தாலி ஏறவா? அடுத்த பஸ்ஸப் பிடிச்சு ஓடுனேன். மொகம் குடுத்துப் பேசல. பத்திரிகையப் பிரிச்சு இந்தா உன் பேருன்னு வெரல வச்சேன். கிட்ட வச்சுப் பாத்தாரு, தூர வச்சுப் பாத்தாரு, வெயிலுக்குக் கொண்டுபோயிப் பாத்தாரு. இதுவா என் பேரு, பூ போட்டிருக்கான்னுல்ல நெனச்சேன்னாரு. சரி நீ வாசி பாப்போம்னு என்கிட்ட நீட்டுனாரு. எனக்கும் வரலப்பா. அப்பா காட்டித் தந்த எடத்துல வெரல வச்சேனே தவிர, பத்து நாளா நானும் அதுல ஒரு வரி வாசிக்கல. நீ ஆசையாச் செஞ்சது, மனசு நோகுமேன்னு சொல்லல. ரெண்டு பேரும் சிரிச்சோம், சிரிச்சுக்கிட்டே நான் அழுதுட்டேன்.

வாரேன்னு சொல்லிட்டாரு. ஆனா மதினி சொன்னாவ, நம்ம வீட்டுப் பத்திரிகைன்னா சட்டைப்பையில வச்சுக்கிட்டு டீக்கடை டீக்கடையாக் காட்டுத மனுசன், இதை எட்டு நாளா டிரங்குப் பெட்டிக்கு அடியில போட்டு வச்சிருந்தாராம். அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல.

அதனால கோவிச்சுக்காம வேற அடிச்சு அனுப்புய்யா. வெள்ளை அட்டை, கருப்பு மை, பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்துல வருமே அந்த எழுத்து, வரிக்கு வரி எடம் விட்டு. தேதியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபம் பேரும் தடிப்பா இருக்கட்டும். பூவெல்லாம் ஓரத்துல நிக்கட்டும். மாமா பேரை மாமாவே வாசிக்கணும், நாலு பேருகிட்டக் காட்டணும். வெள்ளிக்கிழமை பஸ்ல குடுத்து விட்டுரு, மறந்துராத. சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளி. ஆண்டாள் தாயார் உன்னை நல்லா வச்சிருப்பா.

அப்பா பேருக்குக் கீழ என் பேரும் போட்டிருக்கிறதாச் சொன்ன. அதையும் செத்த பெருசாப் போடுலே. என் பேரு அச்சுல வாரது இதுதான் மொதத் தடவை, நானே வாசிச்சுப் பாக்கணும்.

உன் அம்மா
வெள்ளத்தாய்