வெட்டிய ஒரு வரி

மார்ச் 3, திங்கள்

கோடைக்கான பிரசுரம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மூன்றாக மடிக்கிற தாள், ஆறு பக்கம். தலைப்பு இந்த ஆண்டும் அதேதான்: ‘ஒரே நாளில் கலை, இயற்கை, வரலாறு’. இந்தத் தகவல் மையத்தின் கவுன்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிட்டு முழங்கால் வலிக்காமல் மலையிறங்கிய ஆளை நான் இன்னும் கண்டதில்லை. ஆனாலும் எழுதுகிறேன். கலைக்கூடம், சுரங்க அருங்காட்சியகம், செடித் தோட்டம், கடைசியில் அருவி.

மேலாளருக்குக் கலைக்கூடத்துப் படம் சின்னதாகத் தெரிகிறதாம். “கொஞ்சம் அகலமாப் போடுங்க மேடம்.” எந்தப் படத்தைக் காட்டினாலும் இதையேதான் சொல்வார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயரே அகலம்தான்.

மத்தியானம் தம்பி கவுன்டருக்கு வந்தான். இதே அலுவலகத்தில் பாதைக் காவலன். சேற்று பூட்ஸோடு நான் துடைத்த தரையில் நின்றுகொண்டு சொன்னான்: “அக்கா, அருவிப் பாதையில மரப்பாலம் போயிடுச்சு. மேல் சரிவு வழியா சுத்தித்தான் போகணும். அரை மணி இல்ல, ஒன்றரை மணி ஆகும். நோட்டீஸ்ல மாத்திப் போட்டுடு. ரெண்டு மணிக்கு மேல யாரும் கிளம்பக் கூடாதுன்னும் போடு. பனி எறங்கிட்டா அந்தச் சரிவுல எனக்கே வழி தெரியாது.”

“பாதை முகப்புல ஒரு பலகை வையேன்” என்றேன்.

“பலகை எழுதுறவர் மே மாசம்தான் வருவார். அதுவரைக்கும் உன் நோட்டீஸ்தான்.”

குறித்துக்கொண்டேன். அவன் போனதும் மறுபடி தரையைத் துடைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி

அகலம் ஜெயித்தார். படம் பெரிதானதும் ஆறாம் பக்கத்தில் ஒரு வரி மிஞ்சியது. எழுத்தைச் சின்னதாக்கிப் பார்த்தேன், பேன் குஞ்சு மாதிரி ஆகிவிட்டது. அச்சகத்து ஆள் வண்டியை அணைக்காமல் வாசலில் நிற்கிறான். கலைக்கூடத்துக் கட்டணத்தை எடுக்க முடியாது. தோட்டத்து நேரத்தை எடுக்க முடியாது. தம்பி சொன்னதை அருவிக்குக் கீழே தனி வரியாகச் சேர்த்திருந்தேன். திருத்தப் பிரதியில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அதை எடுத்தேன். சரியாக உட்கார்ந்தது.

தனியாக ஒரு தாளில் அடித்துக் கவுன்டரில் ஒட்டிவிடலாம். திங்கட்கிழமை.

மார்ச் 20, வியாழன்

பிரசுரம் வந்துவிட்டது. நாலாயிரம் பிரதி. அருவிப் பத்தி எனக்கே பிடித்திருக்கிறது: ‘வெள்ளியை உருக்கி வார்த்ததுபோல் விழும் நீர். அரை மணி நேர எளிய நடை, எல்லா வயதினருக்கும் ஏற்றது.’

தம்பி ஒன்றை எடுத்துப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பின்பக்கத்தில் வேலை நேரம் குறித்துக்கொண்டான். “உன் வர்ணனையெல்லாம் படிச்சா எனக்குத் தூக்கம் வரும்கா.” கொழுப்பு.

ஏப்ரல் 26, சனி

மூடுபனி. மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. நாலே முக்காலுக்கு விடுதிக்காரர் போன் செய்தார். அவரிடம் தங்கியிருந்து அருவிக்குப் போன தம்பதியில் மனைவி மட்டும் பாதி வழியிலிருந்து திரும்பி வந்திருக்கிறார். கணவரைக் காணவில்லை. தம்பியும் இன்னும் நாலு பேரும் போயிருக்கிறார்கள்.

அந்தத் தாளை நான் அடிக்கவே இல்லை. ஒட்டவும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலை ஏழு மணிக்குக் கண்டுபிடித்தார்கள். சரிவுக்குக் கீழே. உயிர் இல்லை.

தூக்கி வந்தது தம்பி.

ஏப்ரல் 28, திங்கள்

நான் மாடியில், தம்பி குடும்பம் கீழே. காலையில் அவன் படியேறி வந்தான். உட்காரவில்லை. பிரசுரத்தை மேஜைமேல் வைத்தான். ஈரத்தில் மடிப்பு கிழிந்திருந்தது. அந்த மனிதர் சட்டைப்பையில் இருந்ததாம்.

“அக்கா, நான் சொன்னது எங்க?”

இடம் இல்லை என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அவன் திருப்பிக் கேட்டான். இடம் இல்லடா, ஒரு வரி அதிகமாயிடுச்சு, வெட்டிட்டேன் என்றேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இறந்தவரின் மனைவி, அந்த அம்மா, கவுன்டருக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். அழவில்லை. காவல் நிலையத்துக்கு எப்படிப் போவது என்று கேட்கத்தான் வந்தார். வழி சொன்னேன். நகரவில்லை. அடுக்கிலிருந்து ஒரு பிரசுரத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

“அரை மணி நேரம்னு போட்டிருந்தது. எனக்கு மூச்சு வாங்குச்சு, ஒரு கல்லுமேல உக்காந்துட்டேன். அவர் வாட்ச்சப் பார்த்துக்கிட்டே போனார். இன்னும் அஞ்சு நிமிஷம்தான், பார்த்துட்டு வந்துடறேன்னு சொன்னார். கணக்குல ரொம்பக் கறார்.”

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுக்கில் சாய்ந்திருந்த மற்ற பிரசுரங்களை நேராக்கினேன்.

“யாரும்மா இதெல்லாம் எழுதறது?”

“ஆபீஸ்ல எழுதுவாங்க” என்றேன்.

எழுதுவாங்க! யாரோ பத்துப் பேர் சேர்ந்து எழுதுகிற மாதிரி. இருபத்தாறு வருஷமாக ஒரு கால்புள்ளியை மாற்றினால்கூட எகிறிக் குதித்தவள் நான். என் எழுத்து, என் எழுத்து என்று பீற்றிக்கொண்டவள்.

அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மே 2, வெள்ளி

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். பாதை மாறியது அலுவலகத்துக்குத் தெரியுமா, தெரிந்திருந்தால் ஏன் அறிவிக்கவில்லை என்பதுதான் கேள்வியாம். அகலம் முகத்தில் ஈயாடவில்லை.

மே 6, செவ்வாய்

முதலில் தம்பியைக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் வெளியே வந்தான். அடுத்து நான் என்று எழுந்தேன். “நீங்க வேண்டாம் மேடம், முடிஞ்சுது” என்றார் அதிகாரி.

பாலம் போனதை யாரிடமும் சொல்லவில்லை, மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். “என்னடா பண்ணி வச்சிருக்கே?”

“உனக்கு ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு. நோட்டீஸ்ல தப்புன்னா ஒரேயடியா உன்ன அனுப்பிடுவாங்க. நான் மறந்துட்டேன்னா திட்டுவாங்க, ஒரு மெமோ குடுப்பாங்க. அவ்வளவுதான். நீ வாயத் திறக்காம இரு.”

அப்பா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. நான்தான் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்தேன். அதற்கு ஈடு செய்வதாக நினைக்கிறான் போலிருக்கிறது. நான் அதற்கா படிக்க வைத்தேன்?

ஒன்றை எழுதிவிட வேண்டும். அவன் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது.

மே 15, வியாழன்

தம்பிக்கு மெமோ இல்லை. தற்காலிகப் பணிநீக்கம். முடிவு வரும்வரை பாதைப் பக்கமே போகக் கூடாது.

மே 16, வெள்ளி

கவுன்டர். இருநூற்றுப் பத்து பேர். அருவி மூடப்பட்டுள்ளது என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். இடம் தாராளமாக இருந்தது.

மே 19, திங்கள்

தம்பி மனைவி கீழே கத்துவது மாடிவரை கேட்கிறது. “ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு? கடைக்குப் போனா எல்லாரும் என் மூஞ்சியவே பார்க்கறாங்க. ஒரு உயிர் போயிடுச்சேங்க!” அவன் உண்மையை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

அப்புறம் அவளே மேலே வந்தாள். “அண்ணி, நீங்களாவது கேளுங்க. இவர் மறக்கற ஆளா? எந்த மரம் எப்ப விழுந்துச்சுன்னு தேதியோட சொல்வாரே.”

ஆமாம் என்றேன். என்ன ஆமாம்? எதற்கு ஆமாம்? அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். இந்தக் கையால்.

மே 25, ஞாயிறு

இன்று அருவிக்குப் போனேன். தடுப்புக் கயிற்றுக்குக் கீழே குனிந்து, இந்த வயதில், திருடி மாதிரி.

கடைசியாக அங்கே போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வருஷாவருஷம் பழைய பத்தியையே சீவிச் சிங்காரித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். காலை எட்டு இருபதுக்குக் கிளம்பினேன். உடைந்த பாலம் வரை இருபது நிமிஷம். அதற்குப் பிறகு மேல் சரிவு. ஒரு ஆள் அகலம்தான் பாதை. இடது பக்கம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, சில இடங்களில் புல் மட்டும். அரை மணி ஆனபோது நின்று பார்த்தேன். தண்ணீர்ச் சத்தம் நன்றாகவே கேட்கிறது. அந்த வளைவு தாண்டினால் அருவி என்று யாருமே நினைப்பார்கள். அப்படி நாலு வளைவு தாண்டினேன்.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கல் இடுக்கில் மெலிதாக வழிகிறது. வெள்ளியாவது வெங்காயமாவது. பழுப்புத் தண்ணீர்.

திரும்பும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். இனிமேலும் சும்மா இருக்க முடியாது.

ஜூன் 3, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அச்சுக்கு முந்தைய மார்ச் மாதத் திருத்தப் பிரதியைக் கொண்டுபோய் அகலத்தின் மேஜையில் வைத்தேன். அந்த வரி அச்சில் இருக்கிறது, என் சிவப்புப் பேனா அதன்மேல் இருக்கிறது. தம்பி என்னிடம் சொன்னான், நான்தான் வெட்டினேன் என்று கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அந்தத் தாளை எடுத்துக் கடிதத்தின்மேல் வைத்தார். “ஏன் மேடம், இப்ப வந்து?”

அந்த அம்மாவுக்கும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். இன்று நன்றாகச் சாப்பிட்டேன். ஐந்து வாரத்தில் முதல்முறை. எல்லாம் அவரவர் இடத்துக்கு வந்துவிடும் என்று தோன்றுகிறது.

ஜூன் 11, புதன்

எனக்கு மெமோ. ‘கவனக்குறைவு’ என்று ஒரே ஒரு சொல். பிரசுரத்தை அச்சுக்கு அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர் அகலம். என்னைத் தொட்டால் அவரையும் தொட வேண்டும்.

தம்பிக்கு வேலை போய்விட்டது. விசாரணையில் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக.

“மறந்ததுக்குன்னா மூணு மாசம் வெளியில வச்சுட்டு மறுபடி எடுத்துக்கறதா முடிவாகியிருந்தது மேடம். போன வாரம்தான் கோப்பு வந்துச்சு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி” என்றார் அகலம். “உங்க லெட்டர் வந்ததும் தலைமை அலுவலகத்துல வேற மாதிரி ஆயிடுச்சு. அவங்க கோபமெல்லாம் பொய்யிலதான் இருக்கு.”

எனக்குத் தெரியாதே. எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாங்களா? அய்யோ, ஒரு வாரம் பொறுத்திருந்தா — இல்ல, ஒரு மாசம் முன்னாடியே — நான் எதைச் செஞ்சாலும் அவன் தலையில போய்த்தானா விழணும்?

ஜூன் 14, சனி

மூன்று நாளாகக் கதவைத் திறக்கவில்லை அவன். இன்று திறந்தான். நான் பேச ஆரம்பிக்கும் முன்பே சொன்னான், சத்தம் போடாமல்:

“அக்கா, அன்னிக்கே வாயத் திறந்திருக்கலாம். இல்ல, கடைசி வரைக்கும் மூடியிருக்கலாம்.”

“மனசு கேக்கலடா.”

“உன் மனசுக்காகச் சொன்னே. சரி. இப்ப நல்லா இருக்கில்ல மனசு?”

பின்னால் தம்பி மனைவி நின்றிருந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். என்னை அண்ணி என்று கூப்பிடவில்லை. எதுவும் கூப்பிடவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அந்த அம்மாவிடமிருந்து பதில் இல்லை. நான் ஏன் எதிர்பார்க்கிறேன்?

ஜூன் 29, ஞாயிறு

காலை பத்து மணிக்கு லாரி வந்தது. கீழே சமவெளியில் ஏதோ கிடங்கில் காவல் வேலையாம். தம்பி மனைவியின் அண்ணன் பார்த்துக் கொடுத்தது. மலையில் ஒவ்வொரு கல்லையும் தெரிந்தவன் இனி ஒரு இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவான்.

நான் படியில் நின்றேன். கட்டிலை இறக்கும்போது ஒரு கால் சுவரில் இடித்தது, “பார்த்து” என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்னது. அவன் லாரியில் ஏறும் முன் நிமிர்ந்து பார்த்தான். வருகிறேன் என்று சொல்வான் என்று நினைத்தேன். “மாடிக் குழாய் சொட்டுது, ஆள் வச்சுப் பாரு” என்றான்.

ஜூலை 4, வெள்ளி

வேலை. மழை. கீழ்வீட்டுக்கு ஆள் பார்க்கலாமா என்று தரகர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஜூலை 12, சனி

அருவிப் பாதையை மறுபடி திறந்துவிட்டார்கள். புதுப் பாலம், புதுப் பலகை, பிரசுரத்தில் எச்சரிக்கைக்கே தனிக் கட்டம். அகலமே கேட்டு வைத்தது. பாதைக்கு இன்னும் ஆள் போடவில்லை.

பதினொரு மணிக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள். மகள் கட்டத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஆன்ட்டி, எங்களுக்கு இந்த இடம் புதுசு. இந்தப் பாதை நல்லாத் தெரிஞ்சவங்க யாராவது கூட வருவாங்களா?”

“இருங்க” என்று சொல்லிவிட்டு போனை எடுத்துவிட்டேன். நாலு எண் அழுத்தியும்விட்டேன். விரல் தானாகப் போகிறது, பதினைந்து வருஷப் பழக்கம். ஐந்தாவது எண்ணில்தான் நினைவு வந்தது.

வைத்துவிட்டேன்.

“ஒருத்தர் இருந்தார்மா. இப்ப இங்க இல்ல.”

“அப்ப அருவி வேண்டாம்டி” என்றார் அம்மா. மூன்று பேரும் கலைக்கூடத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.